இறக்கத் தெரியாத கை

அம்மாவைக் கட்டிலிலிருந்து எழுப்பி நிறுத்த என்னால் முடிந்தது. நாற்காலியில் உட்கார வைக்கத்தான் முடியவில்லை.

பக்கவாதம் வந்து அம்மாவுக்கு வலது பக்கம் செயல் குறைந்த பிறகு, கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் ஒரு நாளைக்கு ஆறேழு முறை மாற்ற வேண்டும். அவர் எடை 52 கிலோ. எப்படிப் பிடிப்பது என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்திருந்தார். இடுப்பில் பெல்ட் கட்டி அதைப் பிடிக்க வேண்டும், செயல் குறைந்த கையை ஒருபோதும் இழுக்கக் கூடாது, உடம்போடு உடம்பு ஒட்டி நிற்க வேண்டும், நம் முட்டியால் அவர் முட்டிக்கு அணை கொடுக்க வேண்டும். எழுப்பும்போது முக்கால்வாசி வேலையைக் கால்கள் பார்த்துக்கொண்டன. உட்கார வைக்கும்போதுதான் சிக்கல். நாற்காலிக்கு ஒரு சாண் உயரம் இருக்கும்போது என் முழங்கைகள் நடுங்கித் தானாக விரிந்துவிடும். அம்மா பொத்தென்று விழுவார். விழுந்துவிட்டு, ஒன்றும் ஆகாதது போல, "மெல்ல விடுடி" என்பார். அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் 43 வயதில் ஜிம்முக்குப் போனேன்.

முதல் நாள் வெறும் கம்பியோடு பெஞ்ச் பிரஸ்: பெஞ்சில் மல்லாந்து படுத்து, நெஞ்சுக்கு இறக்கிய கம்பியை மேலே தள்ளுவது. பிளேட் எதுவும் மாட்டாவிட்டாலும் அந்தக் கம்பியே 20 கிலோ. பெண்களுக்கான 15 கிலோ கம்பி என்று ஒன்று இருப்பதே எனக்கு அப்போது தெரியாது. நான்கு முறை தள்ளினேன். ஐந்தாவது முறை கம்பி நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. டிரெயினர் வந்து எடுத்து வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இறக்கும்போது எத்தனை வினாடி எடுத்தீங்க?" நான் எண்ணவே இல்லை. கம்பி அதுவாக நெஞ்சில் வந்து விழுந்தது என்பதே உண்மை. "தூக்குறது பாதி வேலைதான். மீதிப் பாதியை நீங்க கம்பிகிட்ட விட்டுட்டீங்க" என்றார். எனக்கு உடனே நாற்காலி ஞாபகம் வந்தது.

டம்பெல்லை மடக்கித் தூக்கும்போது மேல்கையின் முன்பக்கத் தசையான பைசெப்ஸ் சுருங்குகிறது. இறக்கும்போது அதே பைசெப்ஸ்தான் வேலை செய்கிறது, ஆனால் நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது. பின்பக்கத் தசையான ட்ரைசெப்ஸ் வந்து கையை நீட்டுகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். கையை நீட்டப் புவியீர்ப்பே போதும், தேவைப்படுவது பிரேக்தான். இந்தப் பிரேக் வேலையில் தசைக்கு இருக்கும் சக்தி, தூக்கும் வேலையில் இருப்பதைவிட அதிகம். அதாவது ஒரு முறைகூடத் தூக்க முடியாத எடையையும் நிதானமாக இறக்க முடியும். பலர் ஒவ்வொரு முறையும் இந்தப் பாதியைக் கீழே நழுவ விடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. இலவசமாகக் கிடைக்கும் பலம் அது.

இதைச் சின்-அப்பில்தான் கண்ணால் பார்த்தேன். உள்ளங்கை நம்மைப் பார்க்கும்படி கம்பியைப் பிடித்துத் தொங்கி, தாடை கம்பிக்கு மேலே வரும்வரை உடம்பை இழுக்க வேண்டும். எனக்கு 61 கிலோ. முதல் மாதம் ஒரு அங்குலம்கூட மேலே போகவில்லை. அதனால் பெஞ்சில் ஏறி நின்று, தாடையைக் கம்பிக்கு மேலே வைத்துக்கொண்டு, காலை எடுத்துவிட்டு இறங்க மட்டும் செய்தேன். முதல் தடவை இரண்டு வினாடி. முழங்கை செங்கோணத்துக்கு வந்ததும் மீதித் தூரம் சரிந்துவிட்டது. நாற்காலிக்கு ஒரு சாண் உயரத்தில் கை விரிந்ததும் இதே கோணத்தில்தான். பைசெப்ஸ், அதன் அடியில் படுத்திருக்கும் பிரேக்கியாலிஸ் என்ற தசை, அக்குளுக்குக் கீழே முதுகில் விரிந்திருக்கும் லாட்ஸ், தோள்பட்டை எலும்பை முதுகோடு பிடித்து வைக்கும் தசைகள், எல்லாம் சேர்ந்து அந்த இடத்தில் பிடிக்க வேண்டும். கை பலம் என்று நான் நினைத்ததில் பாதி முதுகில் இருந்தது.

ஆர்வத்தில் முதல் நாளே பத்து முறை இறங்கிவிட்டேன். மூன்று நாள் முழங்கையை முழுசாக நீட்ட முடியவில்லை, தலை வாரக் கை எட்டவில்லை. இறக்கும் வேலை தசையை அதிகம் நோகடிக்கும், அந்த நோவு மறுநாளிலிருந்து மூன்றாம் நாளுக்குள் உச்சத்துக்கு வரும் என்பதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். எனவே நான் சொல்கிறேன்: முதல் வாரம் மூன்று முறை போதும். அதே வேலையை அடுத்த வாரம் செய்யும்போது உடம்பு பழகிக்கொண்டு நோவு வெகுவாகக் குறைந்துவிடும். அப்புறம் வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு நாளைக்கு மூன்று செட் (இடையில் நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்று), செட்டுக்கு மூன்று முறை. வினாடிகளை நோட்டில் எழுதினேன். 2, 2, 3. பிறகு 4. ஏழாவது வாரத்தில் 8. பதினொன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, பெஞ்சில் ஏறாமல் கீழேயிருந்து தொங்கி இழுத்துப் பார்த்தேன். தாடை கம்பியைத் தாண்டியது. இறங்கி நின்று அழுதுவிட்டேன்.

மற்ற பயிற்சிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு நாள் பெஞ்ச் பிரஸ்ஸும், எடையை உடம்பை நோக்கி இழுக்கும் ரோவும், இன்னொரு நாள் தலைக்கு மேல் தூக்கும் பிரஸ்ஸும் சின்-அப்பும், முடிவில் கொஞ்சம் கைக்கு மட்டும். ட்ரைசெப்ஸை மட்டும் விட்டுவிடாதீர்கள். மேல்கையின் பருமனில் பெரும்பகுதி அதுதான், எல்லோரும் மடக்கிக் காட்டும் பைசெப்ஸ் இல்லை. அதன் மூன்று தலைகளில் (தசை பிரியும் கிளைகளில்) நீளமானது தோள் மூட்டையும் தாண்டிப் போகிறது. அதனால் டம்பெல்லைத் தலைக்குப் பின்னால் இறக்கி ஏற்றும்போதுதான் அது நன்றாக நீண்டு வேலை செய்யும்.

எடையைக் கூட்டுவது பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இங்கேதான் மனம் உடைந்து விட்டுவிடுகிறார்கள். ஜிம்மில் இருக்கும் சின்ன பிளேட் 1.25 கிலோ. இரண்டு பக்கமும் மாட்டினால் 2.5 கிலோ கூடும். 100 கிலோ தூக்குகிறவருக்கு அது நூற்றில் இரண்டரைப் பங்கு. தலைக்கு மேல் 22.5 கிலோ தூக்கும் எனக்கு நூற்றில் பதினொரு பங்கு. டம்பெல்லில் இன்னும் மோசம்: 5 கிலோவிலிருந்து அடுத்தது 7.5 என்றால் ஒரே தாவலில் பாதி எடை கூடுகிறது. இது நம் பலவீனம் கிடையாது, கணக்கு. நான் அரை கிலோ பிளேட் இரண்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். டம்பெல்லில், எட்டு முறை முடிந்ததை முதலில் பதினைந்து முறை வரை கொண்டுபோய், இறக்கும் நேரத்தையும் மூன்று வினாடியாக நீட்டி, அதன் பிறகே அடுத்த எடைக்குப் போனேன்.

இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது நோயாளிகளுக்கும் கைகொடுத்த வழி என்று படித்தபோது மனசுக்கு இதமாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்குத் தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் கனமான எடைகளைக் கொடுத்துத் தசையை மீட்டார். 1945-ல் அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். பிற்பாடு அவர் வகுத்த முறை மூன்றே செட்: பத்து முறை தூக்க முடிகிற எடையில் முதலில் பாதி, அடுத்து முக்கால், கடைசியில் முழு எடை. பெஞ்ச் பிரஸ்ஸுக்கு நான் இன்றும் இப்படித்தான் ஏறுகிறேன்.

ஐந்தாம் மாதம் முழங்கையின் உள்பக்கம் வலி வந்தது. தண்ணீர்க் குடத்தைப் பிடித்தால் சுருக்கென்றது. தசை வேகமாகப் பலம் பெற்றுவிடும், அதை எலும்போடு கட்டும் தசைநாண் அந்த வேகத்தில் வராது. நான் வாரம் இரண்டு நாள் சின்-அப்பை நான்கு நாளாக்கியிருந்தேன், அதுதான் காரணம். மறுபடி இரண்டு நாளுக்கு வந்து, உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும் பிடிக்கு மாறி, ஆறு வாரம் பொறுத்தேன். வலி போய்விட்டது. வலியோடு தள்ளிக்கொண்டு போவதை யாரும் வீரமென்று நினைக்க வேண்டாம். அந்த ஆறு வாரமும் அம்மாவை மாற்ற என் தம்பி வர வேண்டியிருந்தது.

"கை ஆம்பளை கை மாதிரி ஆயிடாதா?" என்று கேட்கும் பெண்களுக்கு என் அளவு: ஆரம்பத்தில் மேல்கைச் சுற்றளவு 27 சென்டிமீட்டர், 14 மாதம் கழித்து 28.5. பெஞ்ச் பிரஸ் 20 கிலோவிலிருந்து 40 ஆகியிருக்கிறது. பலம் இரண்டு மடங்கு, சுற்றளவு ஒன்றரை சென்டிமீட்டர். முதல் சில வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பங்கு, இருக்கிற தசையை நரம்புகள் இன்னும் நன்றாக வேலை வாங்கக் கற்றுக்கொள்வதால் வருவது. தசை வளர்வது அதற்குப் பின்னால் மெதுவாக வரும்.

இப்போது அம்மாவை உட்கார வைக்கும்போது மனசுக்குள் நான்கு வரை எண்ணுகிறேன். போன மாதம் ஒரு நாள் அவர் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "உட்கார்ந்துட்டேனா?" என்று கேட்டார்.

நேற்று சின்-அப் மூன்று முடிந்து நான்காவது கண் உயரத்தில் நின்றுவிட்டது. கையை விட்டுவிடவில்லை. அங்கிருந்து ஏழு வினாடி எடுத்து இறங்கினேன்.