வெறும் வானத்தின் சூடு

அண்டப் பின்னணிக் கதிர்வீச்சு (பெருவெடிப்பின் எச்சமாக வானத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் மங்கலான நுண்ணலை) என்றதும் புறாக் கதை வந்துவிடும். 1964-ல் ஆர்னோ பென்சியாசும் ராபர்ட் வில்சனும் அமெரிக்காவின் ஹோம்டெலில் இருந்த ஹார்ன் (கொம்பு வடிவ) ஆன்டெனாவுக்குள் புறா எச்சத்தைச் சுத்தம் செய்தார்கள், அப்படியும் இரைச்சல் போகவில்லை. நடந்தது உண்மைதான். ஆனால் கண்டுபிடிப்பின் உயிர் ஒரு கழித்தல் கணக்கில் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை.

4080 மெகாஹெர்ட்ஸில், ஆன்டெனா உச்சி வானத்தைப் பார்த்தபோது மொத்தம் 6.7 கெல்வின். காற்றுமண்டலத்துக்கு 2.3. ஆன்டெனா உலோகத்திலும் இணைப்புகளிலும் ஆகும் இழப்புக்கு 0.8. தரையிலிருந்து பின்பக்கமாக நுழைவதற்கு அதிகபட்சம் 0.1. மிச்சம் 3.5, ஒரு கெல்வின் கூடலாம் குறையலாம்; அதுதான் பின்னணிக் கதிர்வீச்சு. (இங்கே வெப்பநிலை என்பது தெர்மாமீட்டர் காட்டுவதல்ல. ஆன்டெனா தரும் அதே அளவு இரைச்சலைத் தர ஒரு மின்தடையை எத்தனை கெல்வினில் வைக்க வேண்டுமோ, அந்த எண்.)

காற்றின் பங்கு ஆன்டெனாவைச் சாய்த்தால் தெரிந்துவிடும். தொடுவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில், பார்வைக்கோடு கடக்கும் காற்று உச்சியில் உள்ளதைப் போல இரு மடங்கு. உச்சியில் 2.3 என்றால் இங்கே 4.6. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே காற்றின் கணக்கு. பின்னணிக் கதிர்வீச்சோ எந்தப் பக்கம் திருப்பினாலும் மாறாது. சிக்கலும் அதுதான்: கருவி தானாகச் சேர்க்கும் மாறாத இரைச்சலிலிருந்து அதைப் பிரிக்கச் சாய்ப்பது உதவாது. வெப்பநிலை தெரிந்த ஒரு குளிர்ந்த பொருளோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். அவர்கள் வைத்திருந்தது 4.2 கெல்வினில் கொதிக்கும் திரவ ஹீலியம்.

இன்று டிஷ் டிவி எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கிப் பெருக்கும் சிறு கருவி) ஒன்றை வைத்து 12 கிகாஹெர்ட்ஸில் இதை முயல்பவர்கள் உண்டு. உணர்திறன் பற்றிக் கவலை வேண்டாம். கருவியின் மொத்த இரைச்சல் 100 கெல்வின், அலைவரிசை அகலம் 1 கிகாஹெர்ட்ஸ் என்றால், ஒரே நொடி சராசரியில் ஏற்ற இறக்கம் 0.003 கெல்வினுக்கு வந்துவிடும். கவிழ்ப்பது வேறு. எல்என்பி சற்றுச் சூடாகிப் பெருக்கம் 1 சதவீதம் நகர்ந்தாலே ஒரு கெல்வின் பிழை. எனவே வானத்தையும் ஒப்பீட்டுப் பொருளையும் விடாமல் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். இந்த உத்தியைக் கொண்டுவந்தவர் ராபர்ட் டிக்கி. இதே கதிர்வீச்சைத் தேடிப் பிரின்ஸ்டனில் கருவி கட்டிக்கொண்டிருந்த குழுவின் தலைவரும் அவரே!

அடுத்த எதிரி தரை. 300 கெல்வின் தரையிலிருந்து 1 சதவீதம் கசிந்தாலே 3 கெல்வின், தேடும் 2.7-ஐவிட அதிகம். டிஷ்ஷின் விளிம்பைத் தாண்டி எல்என்பி தரையைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கும். டிஷ்ஷைக் கழற்றிவிட்டு நீளமான ஹார்ன் பொருத்தி, சுற்றிலும் வானத்தை நோக்கிச் சாய்ந்த உலோகத் தகடு வைப்பது மேல்.

ஹீலியம் கிடைக்காதவர்கள், நுண்ணலையை உறிஞ்சும் நுரைப்பஞ்சை 77 கெல்வின் திரவ நைட்ரஜனில் நனைத்துக் குளிர்ப் புள்ளியாகவும், அறை வெப்பநிலையில் (290) இன்னொன்றைச் சூட்டுப் புள்ளியாகவும் வைக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து ஒரு நேர்கோடு, அதைக் கீழே நீட்டினால் வானம். நீட்டுவதில்தான் வினை: 77-ல் ஒரு கெல்வின் தவறு வானத்தில் சுமார் 1.3 ஆகிறது. நைட்ரஜனின் மேற்பரப்பே ஏறத்தாழ 1 சதவீதத்தைப் பிரதிபலிக்கும், அதில் எல்என்பிக்குத் தெரிவது சுற்றுப்புறச் சூடு. நைட்ரஜன் பெட்டிமேல் பனி படிந்தாலும் அளவு கெட்டது. மேகம் வந்தால் அன்றைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இவ்வளவு பாடுபட்டுப் பிடிக்கும் ஒளி கிளம்பியது பெருவெடிப்புக்கு சுமார் 3,80,000 ஆண்டுகள் கழித்து, 3000 கெல்வினில், எலக்ட்ரான்கள் அணுக்களுக்குள் அடங்கி ஒளிக்கு வழிவிட்டபோது. எலக்ட்ரானை ஹைட்ரஜனிலிருந்து பிரிக்கும் 13.6 எலக்ட்ரான்-வோல்ட்டை வெப்பநிலையாக மாற்றினால் ஒன்றரை லட்சம் கெல்வின் வருமே, அணுக்கள் ஏன் அப்போதே உருவாகவில்லை? ஒவ்வொரு புரோட்டானுக்கும் நூறு கோடிக்கு மேல் ஃபோட்டான்கள் இருந்தன. சராசரி ஆற்றல் எவ்வளவோ இறங்கிய பிறகும், ஆற்றல் பரவலின் வாலில் இருந்த ஆற்றல் மிக்க சிறு கூட்டமே அணுக்களை உடைக்கப் போதுமாயிருந்தது. பிறகு அண்டம் ஏறக்குறைய 1090 மடங்கு விரிந்ததில் 3000 கெல்வின் 2.725 ஆனது. 1989-ல் ஏவப்பட்ட கோபே செயற்கைக்கோள் அந்த எண்ணை உறுதிசெய்தது.

ஆனால் 12 கிகாஹெர்ட்ஸில் எல்லாக் கழித்தலும் சரியாக வந்தாலும் 2.73 கிடைக்காமல் போகலாம். இரைச்சல் திறன் வெப்பநிலைக்கு நேர்விகிதம் என்ற எளிய விதி, இவ்வளவு குளிரில் லேசாகப் பிசகும். ஒப்பீட்டுப் பொருள்களின் 77, 290 உட்பட எல்லாவற்றையும் பிளாங்க் சூத்திரத்தில் (வெப்பக் கதிர்வீச்சின் சரியான விதி) போட்டால் அங்கே எதிர்பார்க்க வேண்டியது 2.45. அந்த வித்தியாசத்தைக் கருவிப் பிழை என்று தேடி அலைய வேண்டாம்.