ஹானர்ஸ் தீசிஸில் வளைந்த ஒரு கோடு

கெமிக்கல் இன்ஜினியரிங்கில் ஹானர்ஸ் (கூடுதல் பாடங்களும் ஓர் ஆய்வு தீசிஸும் சேர்ந்த படிப்பு) எடுக்கலாமா என்று ஜூனியர்கள் கேட்டால், நான் தயங்காமல் எடுக்கச் சொல்வேன். வழக்கமான பாடத்தில் 'வெப்பநிலை மாறாது, விரவல் தடை இல்லை' (விரவல் என்பது மூலக்கூறுகள் பரவிச் செல்வது) என்று கேள்வித்தாளே சொல்லிவிடும். ஹானர்ஸில் அதை நாம்தான் சொல்ல வேண்டும், ஏன் அப்படிச் சொல்கிறோம் என்று நிரூபிக்கவும் வேண்டும். அந்த வேலை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

கைடைத் தேர்ந்தெடுக்கும்போது தலைப்பைவிட, வாராவாரம் உட்கார்ந்து பேச நேரம் தருவாரா என்றுதான் பார்த்தேன். முதுநிலை மாணவர்களோடு சேர்ந்து படிக்க வேண்டிய பாடங்களில் ட்ரான்ஸ்போர்ட்டையும் (வெப்பமும் பொருளும் நகரும் விதம்) ரியாக்‌ஷன் இன்ஜினியரிங்கையும் எடுத்தேன். இரண்டும் தீசிஸுக்கு நேரடியாகக் கை கொடுத்தன.

என் வேலை, நுண்துளைகள் கொண்ட வினையூக்கித் துகளில் ஒரு வினையின் வேகத்தை அளப்பது. கேட்க எளிதுதான். ஆனால் அளக்கும் வேகம் வினையுடையதா, துளைக்குள் மூலக்கூறு நுழையப் படும் பாட்டினுடையதா? 1939-ல் தீலே என்ற வேதிப் பொறியாளர் இதற்கு, வினையின் வேகத்தை விரவலின் வேகத்தோடு ஒப்பிடும் ஒரு பரிமாணமற்ற (அலகு இல்லாத) எண்ணைத் தந்தார். முதல்படி வினை (வேகம் செறிவுக்கு நேர்விகிதத்தில் இருப்பது) நடக்கும் தட்டை வடிவத் துகளுக்கு அந்த எண் 0.3 என்றால் வினையூக்கி கிட்டத்தட்ட முழுதாக வேலை செய்கிறது. 3 என்றால் மூன்றில் ஒரு பங்குதான். 10 என்றால் பத்தில் ஒரு பங்கு, உள்பகுதி சும்மா கிடக்கிறது.

வகுப்பில் இதைப் பலமுறை எழுதியிருக்கிறேன். கண்ணால் பார்த்தது ஆய்வகத்தில்தான். வேக மாறிலியின் மடக்கையை 1/T-க்கு (T என்பது கெல்வினில் வெப்பநிலை) எதிராக வரைந்தபோது, குறைந்த வெப்பநிலைப் பக்கம் கோடு நேராக வந்தது. வெப்பநிலை ஏற ஏற வளைந்து, சாய்வு ஏறக்குறைய பாதியானது. துளைக்குள் விரவல் கடுமையாகத் தடுத்தால், அந்தச் சாய்விலிருந்து நாம் காணும் கிளர்வு ஆற்றல் (வினை நடக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) உண்மையானதில் பாதிதான் தெரியும். சரி, விரவல்தான் காரணமா என்று எப்படி உறுதி செய்வது? துகளை உரலில் இடித்து, சல்லடையில் சலித்து, சின்ன அளவில் மறுபடி ஓட்டினேன். கோடு இன்னும் கொஞ்ச தூரம் நேராகப் போனது. மேலும் பொடித்தபோது வளைவே இல்லை. அதற்கப்புறம் எவ்வளவு பொடித்தாலும் வேகம் மாறவில்லை. அன்றுதான் அந்த வேகத்தை வினையுடையதுதான் என்று நம்பி நோட்டில் எழுதினேன்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முதலில் கார்பன் கணக்கைப் பார்த்துவிடுங்கள். உள்ளே போன கார்பன் வெளியே வந்ததோடு ஒத்துப்போகாவிட்டால், மற்ற வரைபடம் எதுவும் பேசத் தகுதியில்லை. செய்முறை அத்தியாயத்தை ரியாக்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுதிவிடுவது நல்லது. கடைசி வாரங்களில் விவாதப் பகுதிக்கு அந்த நேரம் தேவைப்படும்.

வைவாவில் பெரும்பாலும் பிழை வரம்பு பற்றித்தான் கேட்டார்கள். ஒரே ஒரு கேள்வி என்னை உற்சாகப்படுத்தியது: பொடித்த துகளில்தான் வினையூக்கி முழுதாக உழைக்கிறது என்றால், தொழிற்சாலையில் ஏன் பெரிய துகளைப் போடுகிறார்கள்? காரணம் அழுத்த இழப்பு, அதாவது துகள்களின் இடுக்கு வழியே ஓடும்போது குறையும் அழுத்தம். மெதுவான ஓட்டத்தில் இந்த இழப்பைக் கணிக்கும் எர்கன் சமன்பாட்டின்படி துகள் விட்டம் பாதியானால் இழப்பு நான்கு மடங்கு. அந்தக் கணக்கைப் பின்னிணைப்பில் போட்டிருந்தேன். பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.