அப்ப தொண்ணூறு பேருக்கு வராதுங்களே?

ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நிறுத்தினால் நூறு பேரில் 10 பேருக்கு முதல் வருடத்திலேயே மறுபடி ரத்தம் கட்டலாம் என்று சொன்னேன். அதற்கு அவர் கேட்டதுதான் தலைப்பு. கேலி இல்லை, கணக்காகத்தான் கேட்டார். நாமக்கல் பக்கத்து லாரி டிரைவர், வடக்கே லோடு ஏற்றிப் போகிறவர். இடது தொடையில் ரத்தம் உறைந்ததற்கு ஆறு மாதம் மாத்திரை முடித்துவிட்டு, "நிறுத்திரலாங்களா சார்?" என்று கேட்கத்தான் மனைவியோடு வந்திருந்தார்.

நாங்கள் முதலில் பார்ப்பது எதனால் கட்டியது என்பதை. பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு வந்ததென்றால் பேச்சே இல்லை, மூன்று மாதத்தில் நிறுத்தலாம், அடுத்த வருடம் திரும்புவது நூறில் ஒருவருக்குத்தான். காரணமே இல்லாமல் வந்ததென்றால் முதல் வருடம் 10, ஐந்து வருடத்தில் 25, பத்து வருடத்தில் ஆண்களுக்கு 40ஐத் தொடும். இவருக்கு நாள் கணக்கில் ஸ்டீரிங் முன்னால் உட்கார்ந்ததுதான் காரணம் என்று வைத்தாலும் அது சின்னக் காரணம், அதுவும் போய்த் தொலைகிற காரணம் இல்லை, அடுத்த லோடு கிடைத்தால் கூடவே வந்துவிடும். அதனால் 10 என்ற கணக்கில் சேர்த்தேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மாத்திரையை நிறுத்தலாமா என்று பார்க்கக் கனடாவில் உருவான ஹெர்டூ2 ஸ்கோர்கூட எந்தப் பெண்களுக்கு நிறுத்தலாம் என்றுதான் பிரிக்கிறது, ஆண் என்றால் தொடரச் சொல்லி முடித்துக்கொள்கிறது.

அவர் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இந்த மாத்திரையோட ரோட்டுல அடிபட்டா ரத்தம் நிக்குங்களா?"

ரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்சபான் மாத்திரையைப் பாதி டோஸில் தொடர்வது பற்றிச் சொன்னேன். 2013இல் வந்த ஆய்வு: ஒரு வருடத்தில் மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 8.8 சதவீதத்தினருக்குத் திரும்பியது, 2.5 மில்லிகிராம் இருவேளை சாப்பிட்டவர்களில் 1.7 தான், பெரிய ரத்தக்கசிவும் கூடவில்லை. நல்ல பதில். ஆனால் இரவெல்லாம் லாரி ஓட்டுகிறவர்களை வைத்து நடத்திய ஆய்வல்ல அது, அந்த அம்மாவின் கேள்விக்கு அது பதிலும் அல்ல.

திரும்ப வந்தால் உயிருக்கே ஆபத்தா என்றார் அவர். அப்படி வருகிறவர்களில் நூற்றுக்கு 4 பேர் இறக்கலாம் என்றேன். "நூறுல பத்து, அந்தப் பத்துல நாலு பர்சன்ட்டு. ஆயிரத்துல நாலு பேருங்க சார். ரோட்டுல அதவிட ஜாஸ்திங்க."

இந்த ஆயிரத்தில் நாலுதான் விடாமல் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு வருடத்துக்கு மட்டும் போட்ட கணக்கு என்று தள்ளலாம், ஆனால் நிறுத்திய முதல் வருடம்தான் மோசமான வருடம், பிறகு ஆண்டுக்கு ஆண்டு குறையும், அதனால் என் வாதம் நினைத்த அளவு பலமில்லை. முதலிலேயே "நாலில் ஒருவருக்கு" என்று ஐந்து வருடக் கணக்கைச் சொல்லியிருந்தால் மறுபேச்சில்லாமல் தலையாட்டியிருப்பார். வேறு சிலரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன், வேலை செய்யும். இரண்டும் உண்மைதான். ஆனால் பயந்து ஆட்டுகிற தலையைச் சம்மதம் என்று கேஸ் ஷீட்டில் எழுத எனக்குக் கூச்சம். சரி, கூச்சப்படுவதற்கா அவர் என்னிடம் வந்தார் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

அவர் கொஞ்சம் அசைந்தது ஒரே இடத்தில்தான். அதே காலில் இன்னொரு தடவை கட்டினால் நிரந்தர வீக்கமும் வலியும் தங்கிப்போகும் வாய்ப்பு அதிகம், அது கிளட்ச் மிதிக்கிற கால் என்றேன். மனைவியைப் பார்த்தார். அப்புறம், "ஸ்டாக்கிங் போட்டுக்கறேங்க" என்றார். ஸ்டாக்கிங் வீக்கத்துக்குத்தான், கட்டாமல் தடுக்காது என்றேன். தெரியுமுங்க என்றார், நிறுத்திவிட்டார். கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ லோடு இறக்கும்வரை காத்திருக்காதீர்கள் என்று எழுதிக் கொடுத்தேன்.

இதே மாதிரி இன்னொருவர் வந்தாலும் பாதி டோஸைத் தொடரத்தான் சொல்வேன். கிளட்ச் காலிலிருந்து பேச்சை ஆரம்பிக்கலாமா என்று தோன்றுகிறது. அதுவும் பயமுறுத்துவதில் சேருமா சேராதா என்று இன்னும் முடிவுக்கு வரவில்லை.