கொண்டோவில் தூளி கட்ட உத்தரம் இல்லை

ஊரில் உத்தரத்தில் ஒரு கயிறு, அம்மாவின் பழைய நூல் சேலை, அவ்வளவுதான் தூளி. கோலாலம்பூரில் செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ வாடகைக்கு எடுத்த கொண்டோவில், அதாவது அடுக்குமாடி வீட்டில், அந்த உத்தரம் இருக்காது. தலைக்கு மேலே வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் பிளாஸ்டர் சீலிங். கான்கிரீட் தளத்துக்குக் கீழே தொங்கவிட்ட மெல்லிய பலகை அது. விளக்கைத் தாங்கும், பிள்ளையைத் தாங்காது. அதில் கொக்கி அடிக்கவே வேண்டாம்.

இங்கே அதற்குப் பதில் புவாயான், மலாயில் தொட்டில். கடையில் அந்தப் பெயரைச் சொன்னாலே எடுத்துக் காட்டுவார்கள். கால் விரித்து நிற்கும் இரும்புச் சட்டம், உச்சியில் கொக்கி, கொக்கியில் மோட்டார் பெட்டி, அதன் கீழே ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் நுனியில் துணியை விரித்துப் பிடிக்கும் கட்டை, கட்டையில் வலைத்தொட்டிலோ கைலியோ. இவற்றோடு இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள்: ஸ்பிரிங்கின் மேல்முனையையும் கீழ்முனையையும் தளர்வாக இணைக்கும் கயிறு அல்லது சங்கிலி. ஸ்பிரிங் அறுந்தால் தொட்டில் தரையில் விழாமல் தாங்குவது அதுதான். அது இல்லாத புவாயானை வாங்கக் கூடாது.

தூளியில் வளர்ந்த நமக்கு முதலில் உறுத்துவது ஆட்டம். 2 மீட்டர் நீளத்தில் தொங்கும் தூளி ஒருமுறை போய்வர ஏறக்குறைய 3 வினாடி ஆகும்; நிமிடத்துக்கு 21 தடவை. புவாயான் பக்கவாட்டில் ஆடுவதில்லை, மேலும் கீழும் துள்ளுகிறது, அதுவும் நிமிடத்துக்கு 60 தடவை என்ற அளவில். ஊரிலிருந்து வந்த பாட்டி "ஏம்மா இப்படிக் குலுக்குது?" என்று கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. அந்த வேகத்தை முடிவு செய்வது ஸ்பிரிங்கும் பிள்ளையின் எடையும்தான். விறைப்பான ஸ்பிரிங்கில் 3 கிலோ பிள்ளையைப் போட்டால் வெடவெடவென்று நடுங்கும். பிள்ளை வளர வளர அதே ஸ்பிரிங் நன்றாக இழுபட்டுத் துள்ளல் மெதுவாகும்.

பிள்ளையைப் போடுமுன் சீனியை வைத்துச் சோதியுங்கள். ஒரு கிலோ பாக்கெட் மூன்றைத் தொட்டிலில் வைத்து, மோட்டாரைப் போடாமல் கையால் லேசாக ஒருமுறை அழுத்தி விடுங்கள். 30 வினாடியில் எத்தனை தடவை துள்ளுகிறது என்று எண்ணுங்கள். 30 அல்லது அதற்குக் கீழே வந்தால் நல்லது. 45ஐத் தாண்டினால் ஸ்பிரிங் விறைப்பு. கடைக்காரரிடம் மென்மையானதற்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். மோட்டார் தரும் இழுப்பு இந்த இயல்பான துள்ளலோடு சேர வேண்டும். சேராவிட்டால் உறுமும், சூடாகும், தொட்டிலோ தட்டுத் தடுமாறி நிற்கும். மோட்டார் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்கப்படுகிறவற்றில் சிலவற்றுக்கு எடைக்கேற்ற ஸ்பிரிங் போட்டாலே போதும். அடுத்து 10 கிலோ அரிசி மூட்டையை ஓர் இரவு தொங்கவிட்டு, காலையில் கொக்கியும் சட்டத்தின் மூட்டுகளும் வளைந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

துள்ளலின் உயரம் நான்கு விரற்கடைக்கு மேல் போக வேண்டாம். பிள்ளையின் தலையும் உடம்பும் ஒன்றாக அசைய வேண்டும். தலை மட்டும் தனியே ஆடினால் வேகம் அதிகம். அழுகை கூடக் கூட வேகத்தைக் கூட்டுவது இயல்பாக வரும் தவறு. பசியா, நனைந்திருக்கிறதா, வயிற்றில் காற்றா என்று முதலில் பாருங்கள்.

ஊரிலிருந்து மோட்டார் கொண்டுவருகிறவர்களுக்கு: வீட்டு மின்சாரத்தின் வோல்ட்டில் சிக்கல் வராது, பிளக்தான் பொருந்தாது. இங்கே மூன்று செவ்வகமுனை. அடாப்டரை இங்கேயே ஸிரிம் என்ற மலேசியத் தர முத்திரையோடு வாங்கலாம், ஆனால் பழைய அடாப்டரில் அவுட்புட் என்று அச்சிட்டுள்ள அதே வோல்ட்டை அது மோட்டாருக்குத் தர வேண்டும். வழுக்கும் டைல்ஸ் தரையில் சட்டத்தின் காலுக்கு ரப்பர் போடுங்கள். கீழ்வீட்டுக்காரருக்கும் சத்தம் போகாது. ஏடிஸ் கொசு பகலிலும் கடிக்கும், கொசுவலை வேண்டும்தான். அதைத் தொட்டிலின் மேல் போர்த்தினால் ஸ்பிரிங் கடித்துக்கொள்ளும். சட்டத்துக்கு வெளியே சுற்றிக் கட்டுங்கள்.

இனிச் சொல்வதுதான் முக்கியம். புவாயான் பிள்ளையை உறக்கத்தின் வாசல்வரை கொண்டுபோகும் கருவி, இரவெல்லாம் கிடத்தும் படுக்கையாக அதை வைத்துக்கொள்ளாதீர்கள். துணி குழிந்து முதுகு வளையும், மோவாய் நெஞ்சில் இடிக்கும், பென்சில் தடிமன்கூட இல்லாத மூச்சுக்குழாய் மடங்கும். பச்சைக் குழந்தைக்குத் தலையைத் தானே தூக்கிக்கொள்ளத் தெரியாது. குறைமாதப் பிள்ளைக்கு ஆபத்து இன்னும் கூடுதல். 10 பாகைக்கு மேல் சாய்ந்த இடம் உறங்கப் பாதுகாப்பில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. கெட்டியான, தட்டையான மெத்தையில் மல்லாக்கக் கிடத்த வேண்டும். தலையணை, பொம்மை எதுவும் வேண்டாம்.

தூக்கிக் கிடத்தினால் விழித்துக்கொள்கிறதே என்பது எல்லா வீட்டிலும் கேட்கும் புலம்பல். ஜப்பானின் ரிக்கன் ஆய்வு நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஆய்வு ஒரு வழி காட்டுகிறது: அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு 5 நிமிடம் சீராக நடப்பது, உறங்கியதும் மடியில் வைத்து 5 முதல் 8 நிமிடம் உட்கார்ந்திருப்பது, பிறகு கிடத்துவது. புவாயானுக்கும் இதையே பழக்கலாம். கண் செருகியதும் வேகத்தைக் குறைத்து, மோட்டாரை நிறுத்துங்கள். நின்ற தொட்டிலின் அருகிலேயே இருந்து 8 நிமிடம் பொறுங்கள். பிள்ளையின் கையைத் தூக்கி விட்டால் அது துவண்டு விழ வேண்டும், அப்போது எடுங்கள்.

காரில் உறங்கிவிட்டாலும் இதே கதைதான். 2020 ஜனவரி முதல் இங்கே குழந்தை இருக்கை கட்டாயம். வண்டி ஓடும்வரை அது சரி, வீடு வந்ததும் இருக்கையோடு உள்ளே தூக்கிவந்து கூடத்தில் உறங்கவிட வேண்டாம்.

பிள்ளை புரள ஆரம்பித்தாலோ, கையை ஊன்றி எழும்பினாலோ, அன்றோடு புவாயானை மடித்துவிடுங்கள். மூத்த பிள்ளை இருக்கும் வீட்டில், ஆளில்லாதபோது துணியைக் கழற்றி வையுங்கள். விளையாட்டாக உள்ளே ஏறிக் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு. இன்னொரு குடும்பத்துக்குக் கொடுப்பதானால் சட்டத்தையும் மோட்டாரையும் கொடுங்கள். ஸ்பிரிங்கை மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.