புது எண்ணுக்கு முன் ஒரு தேடல்: எமிஸ் பதிவில் என் அனுபவம்

ஈராசிரியர் பள்ளியில் தலைமை ஆசிரியை என்பவள் பாடம் நடத்துபவளும், வருகைப் பதிவேட்டைப் பார்ப்பவளும், பாடநூல் கட்டுகளை எண்ணி இறக்கி வைப்பவளும் ஆவாள். அந்த வரிசையில் மாணவர்களுக்கு அடையாள எண் பெற்றுத் தரும் வேலையும் என்னிடம் வந்து சேர்ந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இந்த வேலையைப் பற்றி வெளியில் இருப்பவர்கள் நினைப்பது, பெயரைத் தட்டச்சு செய்தால் எண் வந்துவிடும் என்பதுதான். அது உண்மையும்கூட. எண் வருவதற்கு ஒரு நொடிதான் ஆகிறது. அந்த நொடிக்கு முன்னால், இந்தக் குழந்தை யார், இதன் பெயர் என்ன, எப்போது பிறந்தது, இதற்கு முன் வேறெங்கும் பதியப்பட்டிருக்கிறதா என்ற நான்கு கேள்விகளுக்கு விடை கண்டுபிடிக்கச் சில சமயம் ஒரு வாரமும், ஒரு குழந்தையின் விஷயத்தில் ஏறத்தாழ ஓராண்டும் எனக்குத் தேவைப்பட்டன.

தமிழ்நாட்டில் எமிஸ் என்று நாங்கள் சொல்லும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமைக்கான பதிவுகள் 2012-ஆம் ஆண்டு தொடங்கியபோது நான் உதவி ஆசிரியையாக இருந்தேன். ஒவ்வொரு மாணவருக்கும் 16 இலக்க எண் ஒன்று கிடைக்கும், குழந்தை எந்தப் பள்ளிக்குப் போனாலும் அந்த எண் கூடவே போகும் என்றார்கள். பள்ளிக்கென்று ஏற்கெனவே யுடைஸ் குறியீடு இருந்தது. 33 என்ற மாநில எண்ணில் தொடங்கி, மாவட்டம், ஒன்றியம், ஊர், பள்ளி என்று படிப்படியாக இறங்கும் 11 இலக்கம் அது. பள்ளிக்கு எண் இருப்பதில் எனக்கு வியப்பில்லை, கட்டடம் நகராது. ஆனால் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பெற்றோரோடு ஆண்டில் நான்கு மாதம் போய்விடும் குழந்தைக்கு எண் கொடுத்து அதைத் தொலைக்காமல் வைத்திருப்பது எப்படி என்பதுதான் அன்று ஆசிரியர் அறையில் எங்கள் பேச்சாக இருந்தது.

முதல் சுற்றில் காகிதப் படிவங்களை நிரப்பினோம். பெயர், பிறந்த தேதி, தாய்மொழி, பெற்றோர் தொழில், இரத்த வகை என்று கேள்விகள் நீண்டன. பகலில் எல்லாப் பள்ளிகளும் ஒரே தளத்தில் நுழைய முயன்றதால், ஊரிலிருந்த கணினி மையக்காரரிடம் சொல்லி வைத்து விடியற்காலையில் போய் உட்கார்ந்து பதிந்தோம். நான் படிவத்தை வாசிக்க, அவர் தட்டச்சு செய்தார். பின்னாளில் நான் திருத்த நேர்ந்த பிழைகளில் பாதி அந்த விடியற்காலைகளில் பிறந்தவை. 'கவிதா' என்று நான் சொன்னது 'சவிதா' என்று ஏறியிருந்தது. பொறுப்பு என்னுடையதுதான், திரையில் வந்ததைப் படித்துப் பார்க்காமல் அடுத்த படிவத்தை எடுத்தவள் நான்.

பெயரில் வரும் சிக்கலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் பெயர் எழுதும் வழக்கத்தை அறியாதவருக்கு இது புரியாது. எங்கள் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு சிறுமியின் பெயர் 'சி. பிரியா' என்று இருந்தது. ஆதாரில் 'பிரியா சந்திரன்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. தந்தை பெயர் சந்திரன் என்றால் தமிழில் முதலெழுத்து 'ச' ஆகத்தானே இருக்க வேண்டும்? எனக்கு முன்னால் இருந்த யாரோ, சந்திரனை ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் முதலெழுத்தின் ஒலியான 'சி'-யை அப்படியே தமிழில் எழுதி வைத்துவிட்டார் என்று நினைத்தேன். தாயை அழைத்துக் கேட்டபோது அவர், "இல்ல டீச்சர், அவங்க அப்பா பேரு சின்னச்சாமி. ஊருல எல்லாரும் சந்திரன்னு கூப்பிடுவாங்க. ஆதார் எடுக்கறப்ப கேட்டாங்க, அதையே சொல்லிட்டோம்" என்றார். ஆக, பதிவேட்டில் இருந்த 'சி' சரி. நான் திருத்த நினைத்ததுதான் தவறு. அன்றிலிருந்து எந்த முதலெழுத்தையும் என் அறிவைக் கொண்டு நான் திருத்துவதில்லை. தந்தையின் பெயரை முழுதாகக் கேட்டு, குடும்ப அட்டையில் உள்ளதையும் பார்த்த பிறகுதான் கைவைக்கிறேன்.

பிறந்த தேதி இதைவிடக் கடினமானது. எங்கள் பழைய பதிவேடுகளைப் புரட்டினால் மே, ஜூன் மாதங்களில் பிறந்த குழந்தைகள் ஊருக்குள் ஏராளமாக இருப்பது தெரியும். சேர்க்கையின்போது ஐந்து வயது நிறைய வேண்டுமென்பதற்காக ஒரு கை கணக்குப் போட்டிருக்கிறது. ஆதாரிலோ, வயது மட்டும் சொல்லப்பட்டவர்களுக்கு ஜனவரி 1 என்று ஏறியிருக்கும். பிறப்புச் சான்றிதழில் உண்மையான தேதி இருக்கும், ஆனால் பல சான்றிதழ்களில் குழந்தையின் பெயர் இருக்காது. பிறந்தவுடன் பதிந்ததோடு விட்டிருப்பார்கள். ஒரே குழந்தைக்கு மூன்று காகிதங்களில் மூன்று தேதிகள் இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தொடக்கத்தில், கையில் கிடைத்த காகிதத்தை வைத்துப் பதிந்தேன். பிறகு ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று பொருந்தாமல் போய், மீண்டும் மீண்டும் திருத்தக் கோரிக்கை அனுப்பி அலுத்த பின், எனக்கென்று ஒரு வரிசையை வகுத்துக்கொண்டேன். முதலில் பிறப்புச் சான்றிதழ். அதில் பெயர் இல்லையென்றால் பிறப்பைப் பதிந்த அலுவலகத்தில் விண்ணப்பித்துச் சேர்க்கச் சொல்கிறேன். பதிவான 12 மாதங்களுக்குள் என்றால் கட்டணம் இல்லை. அதற்குப் பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். அதைக் கொண்டு ஆதாரைத் திருத்த வேண்டும். ஐந்து வயதில் விரல் ரேகையும் கருவிழியும் புதுப்பிக்க எப்படியும் போயாக வேண்டும் என்பதால், அதே நடையில் பெயரையும் தேதியையும் சரிசெய்துவிடலாம் என்று பெற்றோரிடம் சொன்னால் மறுப்பதில்லை. இவ்விரண்டும் ஒத்துப்போன பிறகே எமிஸில் கை வைப்பது. தலைகீழாகச் செய்பவர்களை நான் பார்க்கிறேன்: எமிஸில் உள்ளதைக் காட்டி ஆதாரைத் திருத்தி, ஆதாரைக் காட்டி மற்றதைத் திருத்துகிறார்கள். பிழை அப்படியே ஒரு சுற்று வந்து, எல்லாக் காகிதத்திலும் முத்திரையோடு உட்கார்ந்துகொள்கிறது.

இதனால் குழந்தையைச் சேர்க்காமல் நிறுத்தி வைக்கிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. ஆதார் இல்லை என்பதும் காரணமாகாது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஆதார் வழக்கில் பள்ளிச் சேர்க்கைக்கு அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. குழந்தை முதல் நாளே வகுப்பில் உட்கார்ந்துவிடும். காகிதங்கள் பின்னால் வரும். அந்த இடைவெளியில்தான் நான் பெரிய தவறொன்றைச் செய்தேன்.

கொரோனாவுக்குப் பின் தனியார் பள்ளிகளிலிருந்து அரசுப் பள்ளிகளுக்குப் பிள்ளைகள் நிறையப் பேர் மாறிய 2021-ஆம் ஆண்டில், ஒரு தாய் தன் மகளை இரண்டாம் வகுப்பில் சேர்க்க அழைத்து வந்தார். மாற்றுச் சான்றிதழ் எங்கே என்று கேட்டேன். "ஃபீஸ் பாக்கி இருக்கு டீச்சர், கட்டினாத்தான் டி.சி. தருவாங்களாம். இவ அப்பாவுக்கு ஆறு மாசமா வேலையே இல்ல" என்றார். சட்டப்படி மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது என்பதால் சேர்த்துக்கொண்டேன். அதுவரை சரி. ஒரு பள்ளி மாணவரைத் தன் பட்டியலிலிருந்து விடுவித்தால் அவர் விவரம் காமன் பூல் என்று நாங்கள் சொல்லும் பொதுத் தொகுப்புக்கு வரும். புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பள்ளி விடுவிக்காததால் தொகுப்பில் இவள் இல்லை. நானோ, தொலைபேசி எண்ணை வைத்து ஒருமுறை தேடிவிட்டு, தாய் புது எண் வாங்கியிருக்கிறார் என்பதைக் கேட்காமல், ஆதார் விவரத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, புதிய மாணவியாகப் பதிந்தேன். 16 இலக்கம் வந்தது. பாடநூலும் சீருடையும் வந்தன. எல்லாம் நன்றாகவே போயிற்று.

அவள் நான்காம் வகுப்புக்கு வந்தபோது ஆதார் எண்ணை ஏற்ற முயன்றேன். இந்த எண் ஏற்கெனவே வேறொரு மாணவரிடம் உள்ளது என்று திரை சொன்னது. எங்கள் பள்ளியில் ஏற்கெனவே இரட்டையரில் ஒருவனின் ஆதாரை மற்றவனுக்கு ஏற்றிய பெருமை எனக்கு உண்டு என்பதால், இதுவும் அப்படியொரு கைப்பிழை என்றே முதலில் நினைத்தேன். (இரட்டையர் விஷயத்தில் இருவர் பதிவிலிருந்தும் எண்ணை நீக்கிவிட்டு, ஒருவரை முடித்த பின்னரே மற்றவரைத் தொட வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.) ஆனால் இது வேறு. அந்த வேறொரு மாணவர் இவளேதான். பழைய பள்ளியின் பட்டியலில் இவள் இன்னும் படித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வோர் ஆண்டும் வகுப்பு உயர்வும் பெற்றிருந்தாள். ஒரே சிறுமி இரண்டு பள்ளிகளில், இரண்டு எண்களோடு.

எந்த எண்ணை வைத்துக்கொள்வது என்பதில் எனக்கும் உடன் பணியாற்றும் ஆசிரியருக்கும் கருத்து வேறுபட்டது. புது எண்ணில் எங்கள் பள்ளியின் இரண்டாண்டு வருகையும் மதிப்பீடும் இருப்பதால் அதையே வைத்துக்கொண்டு பழையதை நீக்கக் கேட்கலாம் என்றார் அவர். எனக்கு அது சரியாகப் படவில்லை. மத்திய அரசின் யுடைஸ் பிளஸ் தளம் 2022-23 முதல் பள்ளிவாரிக் கணக்கை விட்டு மாணவர்வாரியாக விவரம் திரட்டத் தொடங்கி, ஒவ்வொருவருக்கும் பென் எனப்படும் நிரந்தரக் கல்வி எண்ணைக் கொடுக்கிறது. பழைய எண்ணில் ஆதார் இணைந்திருந்தது. எதிர்காலத்தில் எந்தத் தேடலும் அங்கேதான் போய் நிற்கும். மாணவரின் கல்விச் சான்றுகளை ஒரே இடத்தில் சேர்க்க மத்திய அரசு தரும் அபார் என்ற 12 இலக்க எண்ணுக்கும், பெற்றோர் ஒப்புதல் தந்தாலும்கூட, ஆதாரில் உள்ள பெயரும் பள்ளிப் பதிவும் பொருந்தியாக வேண்டும். ஆகவே முதலில் பிறந்த எண்ணே நிற்கட்டும் என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்தது எளிது. செயல்படுத்தப் பழைய பள்ளி அவளை விடுவிக்க வேண்டும். சேர்க்கைப் பதிவேட்டின் நகல், இரண்டாண்டு வருகைப் பதிவின் நகல், தாயின் கடிதம், இரு எண்களையும் குறிப்பிட்டு என் முகப்புக் கடிதம் ஆகியவற்றை இணைத்து வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கொடுத்தேன். கட்டண பாக்கி பற்றி அக்கடிதத்தில் ஒரு சொல்லும் எழுதவில்லை. அது அந்தப் பள்ளிக்கும் பெற்றோருக்கும் இடையிலானது, மாணவியின் பதிவோடு அதைச் சேர்த்துப் பேசினால் காகிதம் வேறு மேசைக்குப் போய்விடும் என்பது என் கணிப்பு. நினைவூட்டல் கடிதங்கள் மூன்று போயின. எட்டு மாதம் கழித்து ஒரு மாலையில் தேடியபோது தொகுப்பில் அவள் பெயர் இருந்தது. ஆனால் அவளைப் பழைய எண்ணில் எங்கள் பள்ளியில் சேர்க்க, ஏற்கெனவே எங்களிடம் உள்ள புது எண்ணை முதலில் இரட்டைப் பதிவு என்று காரணம் காட்டி நீக்க வேண்டும். நீக்கும் பொத்தானை அழுத்தும்போது என் விரல் தயங்கியதை மறைக்கவில்லை. ஒரு நாள் முழுதும் அவள் எந்தப் பள்ளியின் பட்டியலிலும் இல்லாமல் இருந்தாள். வகுப்பில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்டவர்கள் உண்டு. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இலும், கல்லூரியில் சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும் வந்தபோது, இரண்டுமே 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைக் கேட்டன. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுப் பெயர்ப் பட்டியலும் எமிஸ் பதிவிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஏழு வயதில் நான் அவசரமாகப் போட்ட ஒரு பதிவு, பதினேழு வயதில் அவள் முன்னால் வந்து நிற்கும்; அப்போது நான் பணி ஓய்வு பெற்றிருப்பேன்.

இப்போது ஜூன் மாதச் சேர்க்கையில் என் நடைமுறை மாறிவிட்டது. முதல் வகுப்புக் குழந்தையானாலும், மழலையர் வகுப்பு எங்கேனும் படித்ததா என்று கேட்கிறேன். படித்திருந்தால் அங்கேயே எண் உருவாகியிருக்கும். பெற்றோரிடம் இப்போதுள்ள கைபேசி எண்ணோடு பழைய எண்ணையும் கேட்டுத் தேடுகிறேன். வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் என்றால் முந்தைய பள்ளியின் சான்றிதழில் பென் அச்சாகியிருக்கிறதா என்று பார்க்கிறேன். தேடிக் கிடைக்கவில்லையென்றால் அன்றே புது எண் போடுவதில்லை. பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, பத்து நாள் கழித்து மீண்டும் தேடுகிறேன். பதிந்த பின் திரையில் உள்ளதைத் தாய்க்கோ தந்தைக்கோ உரக்கப் படித்துக் காட்டுகிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தான் பிழையை உடனே பிடிக்கிறார்கள். காதால் கேட்டதும், "இல்ல டீச்சர், ஜனவரி இல்ல, ஆடி மாசம்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

அந்தச் சிறுமி 2025-இல் ஐந்தாம் வகுப்பை முடித்தாள். மாற்றுச் சான்றிதழை எடுத்து, அதிலிருந்த எமிஸ் எண்ணைத் தாயிடம் காட்டினேன். அவர் கைப்பையிலிருந்து குடும்ப அட்டையின் பிளாஸ்டிக் உறையை எடுத்து, உள்ளிருந்த துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொன்னார். நான்கு நான்காகப் பிரித்து எழுதிக் கொடுத்துவிட்டு, அவளைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தேன். ஜூன் இரண்டாம் வாரத்தில் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியிலிருந்து சேர்க்கைப் பணி பார்க்கும் ஆசிரியர் அழைத்தார். ஏதோ சிக்கல் என்றே எடுத்தேன். "மேடம், உங்க பொண்ணு பேரைத் தேடினேன். ஒரே பதிவுதான் வருது, சேர்த்துட்டேன். சொல்லலாம்னு கூப்பிட்டேன்" என்றார்.