லவ்லேண்டின் வெண்கலச் சிற்பங்கள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வருக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், ராக்கி மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது லவ்லேண்ட். ராக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குப் போகிற அவசரத்தில் பலரும் நிற்காமல் கடந்துவிடும் ஊர் இது. நான் சிற்பங்களைப் பார்ப்பதற்காகவே அங்கு சென்றேன்.

1877-இல் ரயில் பாதையையொட்டி உருவாகி, பின்னர் செர்ரித் தோட்டங்களாலும் சர்க்கரை ஆலையாலும் வளர்ந்த இவ்வூரைச் சிற்ப நகரமாக்கியதில் பெரும்பங்கு 1972-இல் தொடங்கப்பட்ட ‘ஆர்ட் காஸ்டிங்ஸ்’ என்னும் வார்ப்படத் தொழிற்கூடத்துக்கு உண்டு. வெண்கலம் வார்க்கும் இடம் கைக்கெட்டும் தூரத்தில் அமைந்ததும் சிற்பிகள் ஒவ்வொருவராக இங்கே குடியேறினார்கள். அவர்களுள் சிலருடைய முயற்சியால் 1984-இல் தொடங்கிய சிற்பக் கண்காட்சி இன்றும் ஆகஸ்ட் மாதத்தில் நடைபெறுகிறது. அதன் வருவாயைக் கொண்டு வாங்கப்பட்ட சிற்பங்கள் பென்சன் சிற்பப் பூங்காவில் நீர்நிலைகளின் கரையோரமாகவும் மரநிழலிலும் நிற்கின்றன; நுழைவுக் கட்டணம் கிடையாது.

அங்கே நான் அதிக நேரம் செலவிட்டது சிற்பங்களின் மேற்பரப்பைப் பார்ப்பதில்தான். களிமண் உருவத்தின் மேல் ரப்பர் அச்சு எடுத்து, அதில் மெழுகுப் படி வார்த்து, அதைப் பீங்கான் கலவையால் பொதிந்து சூடேற்றி, மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் வெண்கலக் குழம்பை ஊற்றுகிறார்கள். பெரிய சிற்பங்களைப் பகுதி பகுதியாக வார்த்துப் பற்றவைப்பதால், ஒட்டிய தடம் தெரியாதபடி இழைப்பது தனித் திறமை. குதிரையொன்றின் கழுத்தருகே குனிந்து தேடியும் அந்தத் தடத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நிறமும் பெயின்ட் அன்று: தீச்சுவாலையால் சூடாக்கிய உலோகத்தின் மீது இரும்பு நைட்ரேட்டைத் தெளித்தால் செம்பழுப்பும், தாமிர நைட்ரேட்டைத் தெளித்தால் பச்சையும் நீலமும் பிறக்கின்றன. பாதத்தருகே சிற்பியின் கையொப்பத்தையும், அந்த அச்சிலிருந்து எத்தனையாவது வார்ப்பு என்பதைக் குறிக்கும் எண்ணையும் தேடிப் பாருங்கள்.

பூங்காவோடு இது முடிந்துவிடுவதில்லை. குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட நகராட்சிக் கட்டுமானச் செலவில் 1 சதவீதத்தைக் கலைக்கு ஒதுக்க வேண்டும் என்று 1985-இல் லவ்லேண்ட் சட்டம் இயற்றியது. கொலராடோவில் இவ்வாறு செய்த முதல் நகரம் இதுவே. நல்ல மனம் படைத்த கொடையாளர்களை மட்டும் நம்பியிருந்தால் தெருமுனைகள்வரை கலை வந்து சேர்ந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். நூலகத்துக்குப் புத்தகம் வாங்க வந்தவரும் ஒரு சிற்பத்தைக் கடந்துதான் போகிறார்.

ஊரின் கிழக்குப் புறத்தில் உள்ள சப்புங்கு பூங்காவில் ஜிம்பாப்வே கலைஞர்களின் கற்சிற்பங்கள் இருக்கின்றன; வெண்கலத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தக் கல்லின் கனம் வேறோர் அனுபவம். கோடையில் செல்பவர்கள் காலையிலேயே இரண்டு பூங்காக்களையும் பார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் மதியத்துக்குப் பிறகு மலைப்பக்கமிருந்து இடிமழை அடிக்கடி இறங்கி வரும்.