தண்ணீர் பாட்டிலில் எல்-நேம்

எங்கள் ஆய்வகத்தில் எலிகளுக்கு உயர் ரத்த அழுத்தம் வரவழைக்க, குடிக்கிற தண்ணீரில் எல்-நேம் (L-NAME) என்ற வேதிப்பொருளைக் கலந்து வைப்போம். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம். சில வாரங்களில் அழுத்தம் ஏறி, அங்கேயே நின்றுவிடும். அளப்பதுதான் பொறுமையைக் கேட்கும் வேலை. எலியை அசையாமல் வைத்திருக்கும் கூண்டுக்குழாய்க்குப் பழக்கி, வாலை வெதுவெதுப்பாக்கி, அது அமைதியான பிறகே அழுத்தம் அளக்கும் பட்டையை வாலில் மாட்ட வேண்டும். அவசரப்பட்டால் எலியின் பயம்தான் எண்ணாக வரும்.

"இது ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்தா?" என்று புதிதாக வரும் மாணவர்கள் கேட்பார்கள். சுருக்குவது இதன் வேலையே இல்லை. குழாயின் உட்சுவர் செல்கள் ஒரு நொதியின் உதவியால் எல்-ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஓயாமல் நைட்ரிக் ஆக்சைடு வாயுவைத் தயாரித்து, சுற்றியுள்ள தசையைத் தளர்த்தியபடி இருக்கின்றன. எல்-நேம் அந்த நொதியை முடக்குகிறது, அவ்வளவுதான். தளர்த்த ஆளில்லாமல் போனதும் குழாய் தானே இறுகுகிறது.

இதை முதலில் காட்டிய சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது 1989இல் இங்கிலாந்தின் பெக்கன்ஹாமில் ரீஸ், பாமர், மொன்காடா மூவரும் செய்தது. மயக்கிய முயல்களுக்கு ஆர்ஜினினைப் போலவே இருந்து அதே நொதியை முடக்கும் எல்-என்எம்எம்ஏவை (L-NMMA) ஊசியில் கொடுத்தார்கள். அழுத்தம் உடனே ஏறியது. எல்-ஆர்ஜினின் கொடுத்ததும் இறங்கியது. அதன் கண்ணாடிப் பிம்பமான டி-ஆர்ஜினினைக் கொடுத்தபோது இறங்கவில்லை. அதே அணுக்கள், அதே எடை, ஆனால் நொதிக்கு அது பொருந்தாது. சந்தேகத்துக்கு இடமே வைக்காத இந்த ஒப்பீட்டை ஒவ்வொரு வருஷமும் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறேன்.

மருந்துக்கு வேறு விளைவும் இருக்கலாமே என்பவர்களுக்கு 1995இல் பதில் வந்தது. உட்சுவர் நொதிக்கான மரபணுவை நீக்கிய சுண்டெலிகளுக்கு எந்த மருந்தும் இல்லாமலே அழுத்தம் உயர்ந்திருந்தது.

அழுத்தத்தோடு நின்றுவிடுவதில்லை இது. வாரக்கணக்கில் எல்-நேம் குடித்த எலியின் சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நுண்முடிச்சுகள் கெட்டு, சிறுநீரில் புரதம் போகத் தொடங்கும். மனிதர்களிடமும் ஒரு முயற்சி நடந்தது. கிருமித் தொற்று முற்றி அழுத்தம் சரிந்த நோயாளிகளுக்கு எல்-என்எம்எம்ஏ கொடுத்துப் பார்த்தார்கள். அழுத்தம் ஏறியது, ஆனால் இறப்பும் கூடியது. சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். அதைப் படித்ததிலிருந்து எங்கள் குறிப்பேட்டில் வால் அழுத்தத்துக்குப் பக்கத்துக் கட்டத்திலேயே சிறுநீர்ப் புரதத்தையும் எழுதச் சொல்கிறேன்.